ஒரு குறூப்பிலை தூக்கினா மற்றதிலையும் தூக்குவினமோ? அட்மின்மாரின்ரை பொது பிளொக் லிஸ்ட் பற்றி ஒரு விளக்கம்

யாழ்ப்பாணத்திலை ஆரின்ரை போனைத் திறந்து பாத்தாலும் ஊர்க் குறூப் ஒண்டு, பழைய மாணவர் குறூப் ரெண்டு, கோயில் திருவிழாக் குறூப், காணி வீடு வாடகைக் குறூப், பிள்ளையின்ரை ரியூசன் குறூப், இரத்ததானக் குறூப் எண்டு வரிசையா நிக்கும், அதுகளுக்கு அட்மினா இருக்கிற ஆக்களும் பாதிக்குப் பாதி ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஆக்கள்தான். அப்பிடியிருக்கேக்கை "குழப்படிக்காரரின்ரை லிஸ்ட் ஒண்டை எல்லாரும் சேர்ந்து வைச்சிருப்பம், ஒராள் தூக்கினா மற்ற ஆக்களும் உசாரா இருக்கலாம்" எண்ட யோசனை வராட்டித்தான் அதிசயம். ஆனா வெளியிலை நிக்கிற ஆளுக்கு இது வேறை மாதிரித் தெரியும். இதுவரைக்கும் எட்டியே பாக்காத ஒரு குறூப்பிலை சேரக் கேட்டா மறுமொழி இல்லை, பிறகு ஆரோ ஒராள் வந்து "உம்மடை நம்பர் லிஸ்டிலை கிடக்காம்" எண்டு சொல்லுவார். என்ன லிஸ்ட், ஆர் போட்டது, எப்ப எடுப்பினம், இதுக்குச் சட்டம் ஏதும் இருக்கோ, ஒண்டும் விளங்காது. அடியிலை இருந்து பாப்பம்.

முதல்லை மூண்டு விசயத்தைப் பிரிச்சு வைப்பம்

1. பிளொக் பண்ணுறது. இது தனி ஆள் செய்யிறது. எனக்கு உங்கடை மெசேஜ் வேண்டாம் எண்டா நான் பிளொக் பண்ணலாம், ஆருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, வேறை ஆருக்கும் அதாலை ஒண்டும் ஆகாது.

2. குறூப்பிலை இருந்து தூக்கிறது. இது அட்மின் செய்யிறது. ஆயிரம் பேர் நிக்கிற குறூப்பிலை (வாட்ஸ்அப்பிலை ஒரு குறூப்புக்கு 1024 பேர் வரை நிக்கலாம்) ஒராளை வெளியிலை விட்டா அது அந்த ஒரு குறூப்போடை முடியுது.

3. பொது லிஸ்ட். ஒரு குறூப்பின்ரை அட்மின் எடுத்த முடிவை மற்றக் குறூப்புகளின்ரை அட்மின்மாரும் பாக்கிற மாதிரி, இல்லாட்டி அப்பிடியே ஏற்றுக்கொள்ளுற மாதிரி ஒரு இடத்திலை எழுதி வைக்கிறது.

மூண்டாவதுக்குள்ளையும் ரெண்டு வகை இருக்கு, இதைத்தான் கன பேர் குழப்பிறவை. ஒண்டு பாத்து முடிவெடுக்கிற லிஸ்ட்: கூகிள் ஷீட் ஒண்டிலையோ, அட்மின்மாருக்கு மட்டும் எண்டு வைச்சிருக்கிற தனிக் குறூப்பிலையோ "இந்த நம்பர் இப்பிடிச் செய்தது" எண்டு போடுவினம், மற்ற அட்மின் அதைப் பாத்து தான் முடிவெடுப்பார். வாட்ஸ்அப்பிலை தனித்தனியா நிக்கிற ஒரு குறூப்பின்ரை தடையை இன்னொரு குறூப்புக்குத் தானா அனுப்பிற வசதி இல்லை, அதாலை எங்கடை ஊரிலை நடக்கிறது முக்காவாசி இந்த வகைதான். மற்றது தானா வேலை செய்யிற லிஸ்ட். ரெலிகிராமிலை பொட் (அட்மினுக்குப் பதிலா தானா வேலை செய்யிற நிரல்) வைச்சு நடத்திற குறூப்புகளிலை இதைப் பாக்கலாம். ரோஸ் எண்ட பொட்டிலை 'பெடரேசன்' எண்டு ஒரு வசதி இருக்கு, பத்துக் குறூப் ஒரு பெடரேசனிலை சேர்ந்தா அதின்ரை அட்மின் ஒராள் ஒரேயொரு கட்டளை அடிக்க பத்திலையும் அந்த ஆளுக்குத் தடை விழும். ஒரு பெடரேசன் இன்னொரு பெடரேசனின்ரை தடைகளையும் வாங்கிக்கொள்ளலாம். மற்ற ஒன்பது குறூப்பின்ரை அட்மின்மார் நித்திரையாக் கிடந்தாலும் வேலை நடக்கும்.

பாக்கிற லிஸ்டிலை பிழை வந்தா ஒரு மனிசர் இடையிலை நிக்கிறார், தடுக்க இடமிருக்கு. தானா ஓடுற லிஸ்டிலை பிழை பத்து மடங்காப் போய் நிக்கும். கீழை வாற பிரச்சினை முக்காவாசியும் இந்த வித்தியாசத்திலைதான் வந்து முட்டும்.

ஈமெயில்காரர் ஏற்கனவே செய்து பாத்த வேலை

இந்த யோசனை புதுசில்லை. 1997இலை பால் விக்ஸி எண்ட இணையப் பொறியியலாளர், ஸ்பாம் (கேக்காம வந்து குவியிற குப்பை மெயில்) அனுப்பிற சேர்வர்களின்ரை ஐபி முகவரிகளை, அதாவது இணையத்திலை அதுகளுக்கு இருக்கிற இலக்க முகவரிகளை, ஒரு பொது லிஸ்டிலை போட்டு வேறை மெயில் சேர்வர்களும் பாக்கிற மாதிரிச் செய்தார். ஆர்பிஎல் எண்டு சொல்லுவினம். அடுத்த வருசம், 1998இலை, ஸ்டீவ் லின்போர்ட் தொடங்கின ஸ்பாம்ஹவுஸ் வந்தது, அது இண்டைக்கும் ஓடுது. நீங்கள் அனுப்பிற ஈமெயில் போய்ச் சேரமுதல் எங்கையோ ஒரு சேர்வர் உப்பிடி ஒரு லிஸ்டைத் தட்டிப் பாத்துத்தான் விடுது, உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வேலை செய்யிற விதம் வடிவானது, கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம். 192.0.2.1 எண்ட முகவரியிலை இருந்து ஒரு மெயில் வருது எண்டு வையுங்கோ. மெயிலை வாங்கிற சேர்வர் அந்த நம்பரைத் திருப்பிப் போட்டு, 1.2.0.192 எண்டு, அதுக்குப் பின்னாலை லிஸ்டின்ரை பேரையும் ஒட்டி, ஒரு வெப்சைட் முகவரியைத் தேடுற மாதிரியே டிஎன்எஸ்ஸிலை (இணையப் பேருக்கு இலக்க முகவரி சொல்லுற விபரக்கொத்திலை) தேடும். அப்பிடி ஒண்டு இல்லை எண்டு மறுமொழி வந்தா லிஸ்டிலை இல்லை. இருந்தா 127.0.0.2 மாதிரி ஒரு மறுமொழி வரும். கடைசியிலை நிக்கிற இலக்கம்தான் முக்கியம். ஸ்பாம்ஹவுஸிலை 2 எண்டு வந்தா ஸ்பாமோடை தொடர்பு எண்டு ஆக்கள் விசாரிச்சுப் போட்டது, 4 எண்டு வந்தா வைரஸ் பிடிச்சு ஆரோ களவாப் பாவிக்கிற கொம்பியூட்டர், 10 அல்லது 11 எண்டு வந்தா வீட்டு இன்ரநெட் மாதிரி, நேரா மெயில் அனுப்பக்கூடாத முகவரி. கடைசியாச் சொன்னதிலை குற்றமே இல்லை, அந்த முகவரிக்காரர் ஒரு பிழையும் செய்யேல்லை, ஆனாலும் லிஸ்டிலை நிக்குது. வாங்கிற சேர்வர் இலக்கத்தைப் பாத்து "இதை மறுக்கிறன், இதைச் சந்தேகமா வைக்கிறன்" எண்டு தானே முடிவெடுக்கும்.

அதாவது அந்த லிஸ்ட் "கூடாத ஆள்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிக்கிறேல்லை. என்ன காரணம் எண்டதும் மறுமொழியோடையே வருது, தண்டனை என்ன எண்டு கேட்ட ஆள் தீர்மானிக்கிறார். எங்கடை அட்மின்மார் ஷீட்டிலை நம்பரை மட்டும் போட்டு வைக்கேக்கை விடுபட்டுப் போறது இந்தக் காரணம்தான், என்னைக் கேட்டால் முழுப் பிரச்சினையும் ஷீட்டிலை காரணம் எழுதிற இந்த ஒரு நிரலுக்குள்ளைதான் கிடக்கு.

ஈமெயில்காரர் பட்ட அடிகளும் இருக்கு.

1. பக்கத்து வீட்டுக்காரன் செய்த வேலைக்கு நீங்கள் மாட்டுறது. யூசிஈ-புரொடெக்ட் எண்ட லிஸ்டின்ரை மூண்டாம் மட்டத்திலை ஒரு இணைய சேவை நிறுவனத்தின்ரை முகவரிகளை மொத்தமாவே போட்டுவிடுவினம், அதுக்குள்ளை ஒழுங்கான ஆக்களும் அகப்படுவினம்.

2. பேரை எடுக்கக் காசு. சோர்ப்ஸ் எண்ட லிஸ்டிலை ஒரு காலத்திலை ஸ்பாம் பகுதியிலை இருந்து வெளியிலை வாறதுக்கு 50 டொலர் தர்மத்துக்குக் குடுக்கவேணும் எண்டு வைச்சிருந்தவை, அதாலை வந்த வெறுப்புக் கொஞ்சநஞ்சமில்லை. அந்த லிஸ்ட் 2024இலை மூடுப்பட்டுது.

3. வழக்கு. ஈ360 எண்ட அமெரிக்க மார்க்கெட்டிங் நிறுவனம் தங்களை லிஸ்டிலை போட்டதுக்கு ஸ்பாம்ஹவுஸுக்கு எதிரா வழக்குப் போட்டுது. ஸ்பாம்ஹவுஸ் அந்த நீதிமன்றத்துக்குத் தங்களிலை அதிகாரம் இல்லை எண்டு ஒதுங்க, 2006இலை 1 கோடியே 17 லட்சம் டொலர் நட்டஈடு எண்டு தீர்ப்பு. மேன்முறையீடு மேலை மேன்முறையீடாப் போய், தொகை 27,002 டொலராகி, கடைசியிலை 2011இலை வெறும் 3 டொலர். சிரிப்பா இருந்தாலும் அஞ்சு வருசம் வழக்காடினவை எண்டதை மறக்கேலாது.

ஸ்பாமுக்குச் சரிவந்தது சண்டைக்காரருக்கு ஏன் சரிவராது

ஸ்பாம் எண்டது எங்கை போனாலும் ஸ்பாம்தான். "கனடா விசா நிச்சயம், முற்பணம் கட்டுங்கோ" எண்ட விளம்பரம் நல்லூர்க் குறூப்பிலை வந்தாலும் பருத்தித்துறைக் குறூப்பிலை வந்தாலும் கிளிநொச்சிக் குறூப்பிலை வந்தாலும் ஒரே மோசடிதான், பாக்கிற அட்மினும் ஒரே முடிவைத்தான் எடுப்பார். ஒருத்தரின்ரை முடிவை மற்றவர் கடன் வாங்கிறதிலை பெரிய ஆபத்தில்லை.

சண்டை அப்பிடியில்லை. பழைய மாணவர் சங்கத் தெரிவு நேரத்திலை ஒராள் கணக்கு விபரம் கேட்டு நாப்பது மெசேஜ் போட்டார் எண்டு வையுங்கோ. நிர்வாகத்திலை இருக்கிற அட்மினுக்கு அது குழப்படி. காசு அனுப்பின லண்டன் உறுப்பினருக்கு அது நியாயமான கேள்வி. அந்த ஆளைத் தூக்கிப்போட்டு பொது லிஸ்டிலும் "குழப்பவாதி" எண்டு ஒரு சொல் எழுதினா, இரத்ததானக் குறூப்பின்ரை அட்மினுக்கு அதிலை இருந்து என்ன விளங்கும்? ஒரு கடைக்காரர் தன்ரை கடன் கொப்பியை பக்கத்துக் கடைக்குக் குடுத்த மாதிரி, பேர் தெரியும், சாமான் திருப்பிக் குடுத்ததாலை கழிக்கவேண்டிய காசோ, முதலாளியோடை கோவிச்சுக்கொண்டு கட்டாம நிண்டதோ எண்டு ஒண்டும் தெரியாது, ஆனா பக்கத்துக் கடையிலையும் சாமான் இல்லை.

நேரக் கணக்கும் ஒண்டு இருக்கு, சின்ன விசயம் மாதிரித் தெரியும். இஞ்சை இரவு 12 மணி எண்டா வெயில் காலத்திலை ரொறன்ரோவிலை மத்தியானம் 2.30. அங்கை சாப்பாட்டு நேரத்திலை ஒராள் தொடங்கின வாக்குவாதத்தை இஞ்சை அட்மின் விடிய எழும்பி, முன்னூறு மெசேஜ் நிக்க, கடைசி இருபதை மட்டும் பாத்து முடிவெடுக்கிறார். கடைசியாக் கத்தின ஆள்தான் அம்பிடுவார், தொடக்கிவிட்ட ஆள் நல்லபிள்ளையா நிப்பார். உந்த முடிவைப் பத்துக் குறூப்புக்குக் கடத்தினா பிழையும் சேர்ந்துதான் போகும்.

சமூக வலைத்தளங்களிலையும் இதை ஏற்கனவே பாத்திருக்கினம். ட்விட்டரிலை 2014இலை வீடியோ கேம் உலகத்துப் பெண்களைக் குறிவைச்சு கேமர்கேட் எண்ட பெரிய துன்புறுத்தல் நடக்கேக்கை, அதுக்குத் தலைமை தாங்கின மாதிரித் தெரிஞ்ச சில கணக்குகளிலை ரெண்டோ அதுக்கு மேலையோ பின்தொடருற ஆக்களைத் தானா பிளொக் பண்ணுற லிஸ்ட் ஒண்டு வந்தது. வசவு வாங்கின பெண்களுக்கு அது உண்மையிலை மூச்சு விட இடம் குடுத்தது, அதைக் குறைச்சுச் சொல்லேலாது. ஆனா சர்வதேச கேம் தயாரிப்பாளர் சங்கம் அந்த லிஸ்டை தங்கடை உறுப்பினருக்குக் காட்டின பிறகுதான் தெரிஞ்சுது, அதே சங்கத்தின்ரை கிளைத் தலைவர் ஒராளே அதுக்குள்ளை நிக்கிறார் எண்டு. பிறகு அந்த இணைப்பை எடுத்தவை. ஆரைப் பின்தொடருறார் எண்டதை வைச்சு ஆள் எப்பிடிப்பட்டவர் எண்டு முடிவெடுத்ததாலை வந்தது. எங்கடை பக்கத்திலை "அவன் உந்தக் கோஷ்டி" எண்டு சொல்லுறதுக்கு மென்பொருளே தேவையில்லை.

அதோடை ஒண்டை வெளிப்படையாச் சொல்லவேணும். எங்கடை ஊரிலை கோயில் நிர்வாகச் சண்டை இருக்கு, சங்கத் தெரிவுச் சண்டை இருக்கு, ஆரும் வாய் திறந்து சொல்லாட்டிலும் சாதி இருக்கு. ஆர் லிஸ்டிலை பேர் போடலாம் எண்ட அதிகாரம் ஒரு பக்கத்தின்ரை கையிலை மட்டும் நிண்டா, "ஒழுக்கம்" எண்ட பேரிலை மற்றப் பக்கத்தை ஊர்க் குறூப், மரண அறிவித்தல் குறூப் எல்லாத்திலையும் இருந்து வெட்டி விடுறது ஒரு பின்னேர வேலை. செத்தவீடு தெரியாமப் போறது எங்கடை சனத்துக்குச் சின்ன விசயமில்லை.

அப்ப லிஸ்டே வேண்டாமோ? இல்லை, வேண்டிய இடம் ஒண்டு இருக்கு

லிஸ்டை முழுசா வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்கள் பெரும்பாலும் ஆம்பிளையள், அவையின்ரை இன்பொக்ஸ் அமைதியாத்தான் கிடக்கும்.

குறூப்பிலை சேர்ந்தா பொதுவா மற்ற உறுப்பினரின்ரை நம்பர் தெரியும். சில ஆக்கள் குறூப்புக்குள்ளை ஒரு சொல்லும் கதைக்கமாட்டினம், காலமை வணக்கம் கூடப் போடமாட்டினம், சேர்ந்த நோக்கமே பொம்பிளைப் பிள்ளையளின்ரை நம்பர் எடுக்கிறதுதான். பிறகு இரவிலை தனி மெசேஜ், கோல், எடுக்காட்டி வேறை நம்பரிலை இருந்து படம். அந்தப் பிள்ளை அட்மினுக்குச் சொன்னா அட்மின் தூக்குவார், தூக்கின கையோடை அவர் அடுத்த ரியூசன் குறூப்பிலையோ வேலைவாய்ப்புக் குறூப்பிலையோ போய் நிப்பார். ஒவ்வொரு அட்மினுக்கும் தெரியிறது ஒரேயொரு முறைப்பாடு, "ஏதோ தெரியாமச் செய்திட்டான்" எண்டு விடக்கூடிய அளவு. மூண்டு அட்மின் கதைச்சாத்தான் இது ஒரு ஆளின்ரை தொழில் எண்டு விளங்கும்.

"அண்ணை, கடைசி மூண்டிலக்கம் இப்பிடி முடியிற நம்பர் ஒண்டு உங்கடை குறூப்பிலையும் நிக்குதோ?"

"நிக்குது தங்கச்சி, போன மாசம் சேர்ந்தவர். ஏன், என்ன செய்தவர்?"

"எங்கடை ரெண்டு பிள்ளையளுக்கு இரவிலை மெசேஜ் போட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷொட் இருக்கு, பிள்ளையளின்ரை பேர் மறைச்சுத்தான் காட்டுவன்."

உந்த மூண்டு வரிக் கதைக்கு வேறை ஒண்டும் ஈடில்லை. கவனிச்சுப் பாத்தா அதுக்குள்ளை ஒழுங்கான லிஸ்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கு: என்ன நடந்தது, எத்தினை பேருக்கு, ஆதாரம் இருக்கோ, பாதிக்கப்பட்ட ஆளின்ரை அடையாளம் மறைஞ்சிருக்கோ. ஆதாரம் குறூப்புக்குள்ளை இல்லை, பிள்ளையின்ரை போனுக்குள்ளை இருக்கு, அதாலை அந்தப் பிள்ளை ஓம் எண்டு சொல்லாம ஸ்கிரீன்ஷொட் ஒரு அடி நகரக்கூடாது. அட்மின் குறூப்பிலை இருவது பேர் நிப்பினம், அதுக்குள்ளை ஆரின்ரை மச்சான் ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்.

பொது லிஸ்டுக்குப் போகவேண்டியது எண்டு நான் நினைக்கிறது மூண்டுதான்: காசு மோசடி, தனி மெசேஜிலை துன்புறுத்தல், வெட்டுவன் கொல்லுவன் எண்ட மாதிரி மிரட்டல். அரசியல் வாக்குவாதம், கெட்ட வார்த்தை, நாளுக்குப் பத்து போர்வேர்ட் போடுற ஐயாமார் எல்லாம் அந்தந்தக் குறூப்போடை முடியட்டும். (ஐயாமாரை மியூட் பண்ணலாம், அதுக்கு லிஸ்ட் தேவையில்லை.)

ஒரு வரியிலை என்ன எழுதவேணும்

பிழையான வரி இப்பிடி இருக்கும்: முழு நம்பர், முழுப் பேர், ஊர், "சோலிக்காரன், சேர்க்கவேண்டாம்".

சரியான வரியிலை இருக்கவேண்டியது:

1. நடந்த திகதி. லிஸ்டிலை போட்ட திகதி வேறை, நடந்த திகதி வேறை.
2. எந்த வகை: மோசடி, துன்புறுத்தல், மிரட்டல். வேறை வகை இல்லை, இந்த மூண்டுக்குள்ளை அடங்காட்டி எழுத இடமும் இல்லை.
3. செய்த காரியம் ஒரு வசனத்திலை. "கூடாத ஆள்" எண்டு எழுதிறது அபிப்பிராயம். "வேலை எடுத்துத் தாறன் எண்டு ரெண்டு பேரிட்டைக் காசு கேட்டவர்" எண்டு எழுதிறது நடந்த காரியம். முதலாவதை ஆராலும் சரிபாக்கேலாது.
4. எந்த அட்மின் போட்டது. பேர் வைக்க விரும்பாத அட்மின் வரியும் வைக்கக்கூடாது.
5. ஆதாரத்தைப் பாத்த ரெண்டாவது அட்மின் ஆர்.
6. எப்ப காலாவதி. ஒரு வருசம் எண்டு வைச்சாலும் காணும், திரும்பச் செய்தா திரும்பப் போடலாம்.

சொந்தக்காரர், வேலை செய்யிற இடம், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், சமயம் உதெல்லாம் ஒரு வரியிலையும் வரப்படாது.

நம்பர் எண்டது ஆள் இல்லை

லிஸ்டிலை கிடக்கிறது போன் நம்பர், மனிசர் இல்லை. ஆள் புதுச் சிம் வாங்கினா அடுத்த நாளே உள்ளுக்கை வரலாம், உண்மையான மோசடிக்காரர் அதைத்தான் செய்யினம். மற்றப் பக்கம், கன நாள் பாவிக்காம விட்ட நம்பரைக் கொம்பனி திருப்பி எடுத்து வேறை ஆளுக்கு விக்கும். ரெண்டு வருசத்துக்கு முந்தி லிஸ்டிலை போன நம்பர் இண்டைக்கு ஏ.எல். எடுத்திட்டு முதல் போன் வாங்கின ஒரு பிள்ளையின்ரை கையிலை இருக்கலாம். காலாவதித் திகதி வேணும் எண்டு சொன்னது இதுக்காகவும்தான். ரெலிகிராமிலை கொஞ்சம் பரவாயில்லை, அங்கை ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஐடி இலக்கம் இருக்கு, பேரை மாத்தினாலும் அது மாறாது, ஆனா புதுக் கணக்குத் திறந்தா அதுவும் புதுசுதான்.

கொஞ்சம் கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியள் ஒரு யோசனை சொல்லுவினம்: நம்பரை அப்பிடியே வைக்காம 'ஹாஷ்' பண்ணி வைச்சா ஆருக்கும் தெரியாதே எண்டு. ஹாஷ் எண்டது ஒரு இலக்கத்தை, திருப்பி எடுக்கேலாத நீட்டு எழுத்துக் கோவையா மாத்திற கணக்கு. பாஸ்வேர்டுக்கு அது சரி. போன் நம்பருக்குச் சரிவராது, கணக்குப் பாத்தா ஏன் எண்டு விளங்கும். இலங்கை மொபைல் நம்பர் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 எண்டு தொடங்கும், பிறகு ஏழு இலக்கம். ஒரு தொடக்கத்துக்கு 1 கோடி நம்பர், எட்டுக்கும் சேத்து 8 கோடி. சாதாரண லப்டொப் ஒண்டு எஸ்எச்ஏ-256 எண்ட வகை ஹாஷை ஒரு செக்கனுக்கு லட்சக்கணக்கிலை போடும். அதாலை எட்டுக் கோடி நம்பரையும் ஹாஷ் பண்ணி ஒப்பிட்டுப் பாக்க ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் காணும், முழு லிஸ்டும் வெளியிலை. ஹாஷ் போட்ட லிஸ்டைப் பூட்டின பெட்டி மாதிரி நினைச்சு ஆருக்கும் அனுப்பாதேங்கோ.

சட்டம் என்ன சொல்லுது

சட்டத்தரணியிட்டைக் கேக்கவேண்டியதை இஞ்சை முழுசாச் சொல்லேலாது, அத்திவாரத்தை மட்டும் பாப்பம்.

இலங்கையிலை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஒராள் முற்றிலும் தன்ரை சொந்த, வீட்டுத் தேவைக்கு வைச்சிருக்கிற தரவை அது தொடாது. உங்கடை போனிலை நீங்கள் பிளொக் பண்ணின நம்பர்கள் அந்த வகை. இருவது அட்மின் சேர்ந்து பேர், நம்பர், குற்றச்சாட்டு எண்டு எழுதி வைக்கிற ஷீட்டை "வீட்டுத் தேவை" எண்டு சொல்லி நிக்கிறது கஷ்டம்.

ஐரோப்பாவிலை இது பழைய கதை. சுவீடனிலை ஒரு தேவாலயத் தொண்டர் தன்னோடை வேலை செய்த ஆக்களைப் பற்றிச் சொந்த வெப்பக்கத்திலை எழுதினவ, ஒராளுக்குக் கால் காயம் எண்டதையும் சேத்து, கெட்ட எண்ணம் ஒண்டும் இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2003 நவம்பரிலை சொன்னது, ஆரும் பாக்கக்கூடிய மாதிரி இணையத்திலை போட்டா அது வீட்டு விசயம் இல்லை, கால் காயம் எண்டது சுகாதாரத் தரவு எண்டு. பாரிஸிலையும் ஜேர்மனியிலையும் இருக்கிற ஊர்ச் சங்க அட்மின்மார் "நாங்கள் தொண்டுதானே செய்யிறம்" எண்டு சொல்லேக்கை இந்த வழக்கைத்தான் நினைக்கவேணும்.

அவதூறு வேறை. இலங்கையிலை அவதூறுக்கு மறியலுக்குப் போற சட்டத்தை 2002இலை எடுத்திட்டினம், ஆனா நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். "மோசடிக்காரன்" எண்டு ஆதாரமில்லாம எழுதின வரி ஒண்டு ஸ்கிரீன்ஷொட்டா வெளியிலை வந்தா அதை எழுதின அட்மின்தான் பதில் சொல்லவேணும். அதோடை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்றுகளைப் பற்றிக் கதைக்குது, அந்தச் சட்டத்திலை எனக்கு நல்லெண்ணம் இல்லை, ஆனா அது இருக்குது எண்டதைத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டுதான் எழுதவேணும். மேலை சொன்ன "நடந்த காரியத்தை எழுது, அபிப்பிராயத்தை எழுதாதே" எண்டது நாகரிகத்துக்கு மட்டுமில்லை.

உங்கடை பேர் கிடக்கெண்டு கேள்விப்பட்டா

பொதுக் குறூப்பிலை போய்ச் சத்தம் போடாதேங்கோ, அதையே அடுத்த ஆதாரமாக் காட்டுவினம். உங்களை மறுத்த குறூப்பின்ரை அட்மினுக்குத் தனியா எழுதி மூண்டு விசயம் கேளுங்கோ: எந்தத் திகதியிலை நடந்தது எண்டு எழுதிக் கிடக்கு, எந்த வகையிலை போட்டிருக்கினம், ஆர் போட்டது. அந்த நம்பர் உங்களிட்டை எப்ப வந்தது எண்டு சிம் வாங்கின விபரம் இருந்தா அதையும் காட்டலாம், பழைய சொந்தக்காரர் செய்த வேலையா இருந்தா அதோடை முடிஞ்சிடும். முறைப்பாடு சொன்ன ஆள் ஆர் எண்டு மட்டும் கேக்காதேங்கோ, நல்ல அட்மின் அதைச் சொல்லவும் மாட்டார். மூண்டுக்கும் மறுமொழி இல்லை, "எல்லாருக்கும் தெரியும்" எண்டு மட்டும் வந்தா அங்கை இருக்கிறது லிஸ்ட் இல்லை, வம்பு.

லிஸ்டை ஆர் மூடுறது

தொடங்கேக்கை ஆரும் கேக்காத கேள்வி இதுதான். லிஸ்டைத் தொடங்கின பெடியன் படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போவான், நம்பர் மாறும், ஷீட் அவன்ரை பழைய ஜிமெயிலிலை கிடக்கும், இணைப்பு வைச்சிருக்கிற ஆக்கள் மட்டும் தொடர்ந்து பாத்துக்கொண்டிருப்பினம். ஒருத்தரும் புதுசாச் சேர்க்கமாட்டினம், ஒருத்தரும் எடுக்கவும் மாட்டினம்.

ஈமெயில் உலகத்திலை ஓஆர்டிபி எண்ட லிஸ்ட் 2006 டிசம்பரிலை மூடுப்பட்டுது. அறிவிச்சுத்தான் மூடினவை, எண்டாலும் கன சேர்வரிலை அந்தப் பேர் அமைப்புக்குள்ளை அப்பிடியே கிடந்தது, ஒவ்வொரு மெயிலுக்கும் இல்லாத லிஸ்டைக் கேட்டுக்கொண்டே இருந்ததுகள். 2008 மார்ச்சிலை அந்த முகவரி, கேட்ட எல்லாத்துக்கும் "ஓம், லிஸ்டிலை இருக்கு" எண்டு மறுமொழி குடுக்கத் தொடங்கிச்சு. எடுக்காம விட்ட சேர்வர்களுக்கு உலகத்திலை ஒருத்தரின்ரை மெயிலும் வரேல்லை.

ரெலிகிராம் குறூப் நடத்திற ஆக்கள் பொட்டின்ரை செற்றிங்கிலை எந்தப் பெடரேசனோடை சேர்ந்திருக்கிறீங்கள் எண்டு ஒருக்காப் பாருங்கோ, அதின்ரை உரிமையாளர் இப்பவும் கணக்குப் பாவிக்கிறாரோ எண்டும் ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கோ. கூகிள் ஷீட் வைச்சிருக்கிற ஆக்கள், உரிமையாளர் எண்ட இடத்திலை ஆரின்ரை ஈமெயில் நிக்குது, இணைப்பு வைச்சிருக்கிற ஆரும் பாக்கலாம் எண்டு திறந்து கிடக்கோ எண்டு இண்டைக்கே பாக்கலாம், ரெண்டு நிமிச வேலை.